கையெழுத்து யாருடையது?

இந்திய மாதர் சங்கம் அடையாறில் தொடங்கப்பட்டது 1917 மே மாதம். அன்னி பெசன்ட் தலைவர். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவை, சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் தூதுக்குழு சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919 சட்டமோ, முடிவை மாகாண சட்டசபைகளுக்கே விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1921-இல் வாக்குரிமை வழங்கியது. சொத்துத் தகுதி இருந்ததால் பயன் பெற்றவர்கள் சொற்பமே.

காங்கிரஸ் கட்சியிலோ, 1885 முதல் 1947 வரை பெண் தலைவர்கள் மூவர்தான்: பெசன்ட் (1917), சரோஜினி (1925), நெல்லி சென்குப்தா (1933). இம்மூவரில் இருவர் இங்கிலாந்தில் பிறந்தவர்கள்! 1930-இல் தண்டிக்கு காந்தியடிகளுடன் புறப்பட்ட 78 தொண்டர்களும் ஆண்களே. கமலாதேவி சட்டோபாத்யாய நேரில் சென்று வாதாடினார். பிறகுதான் பெண்களுக்கும் வழி திறந்தது. மே மாதம் தராசனா உப்பளப் போராட்டத்தை நடத்தியவர் சரோஜினி.

1927-இல் பூனாவில் கூடிய அகில இந்திய மாதர் மாநாடு, முதலில் பெண் கல்விக்காக மட்டுமே கூடியது. பள்ளிப் பெண்ணைப் பாதியில் நிறுத்துவது கல்யாணம் என்பதால், அது விரைவில் சாரதா சட்டத்திற்கு ஆதரவு திரட்டியது. பெண்ணின் திருமண வயது 14 என்ற அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் நம் சமூகத்து வைதிகப் பெரியோர்களும் உண்டு. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சட்டம் 1.4.1930-இல் அமலுக்கு வருமுன் அவசர அவசரமாக நடந்த கல்யாணங்கள் ஏராளம். என் அத்தையின் கல்யாணமும் அதில் ஒன்று. அவளுக்கு வயது ஒன்பது. பிற்காலத்தில் ஊர் பஜனை மடத்து வரவு செலவை அணா பைசா பிசகாமல் எழுதியவள் அவள்தான். கீழே கையெழுத்து அத்திம்பேருடையது.

1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது திருத்தத்தால் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்குக் கிடைத்தது. கட்சிகள் தாமாகக் கொடுத்தது எவ்வளவு? 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர். ஏழில் ஒரு பங்குகூட இல்லை. (வேதியியல் படித்தவனுக்கு விகிதம் பார்க்காமல் இருக்க முடியாது.)

நம் சங்கங்களில் 'மகளிர் அணி' உண்டு. கோலப் போட்டி, நவராத்திரி கொலு, ஆண்டு விழாச் சாப்பாட்டுப் பொறுப்பு அவர்களுடையது. எங்கள் ஊர்க் கிளையில் வங்கி வேலையிலும் தணிக்கைத் துறையிலும் இருந்து ஓய்வுபெற்ற பெண் உறுப்பினர்கள் நால்வர் இருக்கிறார்கள். பொருளாளர் பதவிக்கு மட்டும் இதுவரை ஒரு பெண்ணின் பெயர் வந்ததில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு பெயரை முன்மொழிய உள்ளேன். மற்ற கிளைகளில் பெண்கள் பொருளாளராக இருந்திருந்தால், அன்பர்கள் அந்த விவரத்தை எழுதி அனுப்பினால் கூட்டத்தில் எடுத்துச்சொல்ல உதவியாக இருக்கும்.