கலப்பை மாட்டும் இடம்

பழைய கை டிராக்டர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை குதிரைத்திறன், எந்த ஆண்டு வார்ப்பு, எத்தனை கியர் என்று சொல்லி முடிந்ததும் வரலாறும் முடிந்துவிடுகிறது. இரண்டு சக்கரங்களும் நீண்ட கைப்பிடியும் கொண்டு, உழுகிறவர் பின்னால் நடந்தே போகும் இந்த இயந்திரத்தை அப்படி எழுதினால் முக்கியமான ஒரு கேள்வி விடையில்லாமல் நின்றுவிடும். 1910களுக்கும் 1960களுக்கும் இடையில் அமெரிக்காவில் மட்டும் பல கம்பெனிகள் இதைச் செய்து விற்றன. எடையிலும் திறனிலும் ஒன்றையொன்று ஒத்தவை அவற்றுள் பல. ஆனால் சில, காய்கறித் தோட்டத்தில் மூன்று நான்கு ஆண்டு உழுதுவிட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. வேறு சில, அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் புல் வெட்டின, பனி தள்ளின, நிலம் புரட்டின. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது எஞ்சின் அல்ல, கருவியை மாட்டும் இடம் என்பதே இங்கே நான் வைக்கும் வாதம். டிராக்டர்க்காரர்கள் ஹிட்ச் என்று சொல்லும் அந்த இணைப்பு இழுக்க மட்டும் செய்ததா, விசையையும் கருவிக்குக் கடத்தியதா என்பதில்தான் ஒவ்வொரு இயந்திரத்தின் ஆயுளும் தீர்மானமானது.

ஒரே உடலில் பல கருவிகளை மாற்றி மாற்றி மாட்டலாம் என்ற எண்ணம் எஞ்சினுக்கு முந்தையது. பிலடெல்பியாவில் சாமுவேல் லீட்ஸ் ஆலன் நடத்திய கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ‘பிளானட் ஜூனியர்’ என்ற பெயரில் சக்கரக் களைக்கொத்திகளை விற்றது. ஒரு சக்கரம் அல்லது இரண்டு சக்கரம், இரண்டு கைப்பிடி, நடுவில் ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். சட்டத்தில் உள்ள மரையைத் தளர்த்திக் களைவெட்டும் தகட்டைக் கழற்றினால் அதே இடத்தில் கொத்துப் பற்களை மாட்டலாம், சிறு கலப்பையை மாட்டலாம். ஆள் தள்ளும் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் மினியாபொலிஸில் உருவான பீமன் போன்ற தொடக்ககால மோட்டார் இயந்திரங்கள் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. குதிரை நின்ற இடத்தில் எஞ்சின் வந்தது. குதிரைக்குப் பின்னால் தொங்கிய கருவி எஞ்சினுக்குப் பின்னால் தொங்கியது. நடுவில் ஒரு துளையும் ஒரு பின்னும். நம் ஏர்க்காலும் நுகத்தடியும் செய்யும் வேலையைத்தான் அந்தப் பின்னும் செய்தது: முன்னே போவதன் இழுவையைப் பின்னே வருவதற்குக் கொடுப்பது. அதற்கு மேல் அதனால் எதுவும் முடியாது.

அந்த வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சக்கரத்தால் இழுக்கும் எந்த வண்டியும், சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் ஒரு பங்கைத்தான் இழுவையாக மாற்ற முடியும். உழவு மண்ணில் அது ஏறக்குறைய பாதி. 150 கிலோ எடையுள்ள கை டிராக்டர் என்றால் 75 கிலோ இழுவை. நல்ல உழவு மாட்டு ஜோடி ஒன்று நாள் முழுக்கத் தளராமல் கொடுக்கும் இழுவையும் ஏறத்தாழ இதே அளவுதான். இப்போது 6 அங்குல அகலமும் 5 அங்குல ஆழமும் உள்ள ஓர் உழவுச் சாலை எடுத்துக்கொள்வோம். வெட்டப்படும் முகப்பு 30 சதுர அங்குலம். மணற்பாங்கான நிலத்தில் சதுர அங்குலத்துக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறைவான எதிர்ப்பே இருக்கும். மொத்தம் 45 கிலோவுக்குள் அடங்கிவிடும், டிராக்டர் சிரமமில்லாமல் போகும். களிமண்ணில் அதே எதிர்ப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறி 130 கிலோவைத் தாண்டும். அங்கே எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று குழி பறிக்குமே தவிர, கலப்பை நகராது. கம்பெனிகள் இதை நன்றாகவே அறிந்திருந்தன. சக்கரங்களில் இரும்புப் பற்களும், வார்ப்பிரும்பு எடைகளும் மாட்டும் வழக்கம் இதனால்தான் வந்தது. எடையைக் கூட்டினால் இழுவை கூடும். ஆனால் திருப்பத்தில் அந்த எடை முழுவதையும் கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் தோள்தான் தாங்கவேண்டும்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்தவர்கள் இழுவையை விட்டுச் சுழற்சியைப் பிடித்தவர்கள். சுவிட்சர்லாந்தில் கொன்ராட் வான் மேயன்பர்க் 1910களின் தொடக்கத்தில் வகுத்த சுழலும் கொத்துக் கருவி, மண்ணை இழுத்துப் பிளக்காமல், சுழலும் பற்களால் கொத்திக் கிளறியது. ஜெர்மனியின் சீமன்ஸும் ஜெனீவாவின் சிமார் கம்பெனியும் அந்த வழியில் இயந்திரங்கள் செய்தன. 1930களின் தொடக்கத்தில் சி. டபிள்யூ. கெல்சி என்பவர் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து ‘ரோட்டோடில்லர்’ என்ற பெயரில் விற்றார். முன்னோக்கிச் சுழலும் பற்கள் இயந்திரத்தைத் தாமே முன்னுக்குத் தள்ளும். சக்கரத்தின் வேலை இழுப்பது அல்ல, ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துவது. எடைப் பிரச்சினை ஒரேயடியாகத் தீர்ந்தது. ஆனால் சுழலும் பகுதி பெரும்பாலும் இயந்திரத்தின் உடலோடு ஒன்றாகவே அமைந்திருந்ததால் அது ஒரே வேலைக்கான இயந்திரமாக நின்றது.

இரண்டையும் சேர்த்தவர், மேற்கு வர்ஜீனியாவில் புகைப்படத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் பிராங்ளின் கிரேவ்லி. தள்ளு கலப்பை ஒன்றில் இந்தியன் மோட்டார் சைக்கிளின் பாகங்களைப் பொருத்தி அவர் தொடங்கிய சோதனை 1916இல் காப்புரிமையாகவும், 1922இல் டன்பார் ஊரில் ஒரு கம்பெனியாகவும் வளர்ந்தது. முதலில் வந்த ஒற்றைச் சக்கர ‘மாடல் டி’யும் அடிப்படையில் களைக்கொத்தியின் வாரிசுதான். 1930களின் பிற்பகுதியில் வந்த இரண்டு சக்கர ‘மாடல் எல்’லைத்தான் நெருங்கிப் பார்க்கவேண்டும். எஞ்சின் அச்சுக்குப் பின்னால், ஓட்டுகிறவர் பக்கம் இருக்கிறது. கருவி முன்னால். ஒன்றின் பாரத்தை மற்றொன்று சமன் செய்வதால் கைப்பிடியில் சுமை குறைகிறது. கியர் பெட்டியின் முன்முகத்தில் தட்டையாகக் கடைந்த ஒரு வார்ப்பு. அதில் நான்கு போல்ட்டுகள். நடுவில் எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு. இடையில் பெல்ட் இல்லை, சங்கிலி இல்லை, விசை முழுக்கப் பற்சக்கரம் வழியாகவே போகிறது. அந்த முகத்தில் புல் வெட்டும் கத்திப்பட்டை பொருந்தும், புல்வெளி வெட்டி பொருந்தும், பனி வீசும் கருவி பொருந்தும். எல்லாவற்றையும்விடப் பேர்பெற்றது சுழற்கலப்பை. செங்குத்துத் தண்டில் திருகுபோல் வளைந்த நான்கு அலகுகள் மண்ணுக்குள் இறங்கி, வெட்டி, நொறுக்கி, ஒரு பக்கமாக எறியும். ஒரே ஓட்டத்தில் உழவும் புழுதியும் முடிந்துவிடும். முன்பு சொன்ன களிமண் கணக்கு இந்தக் கருவியிடம் செல்லாது. இழுவையை நம்பி அது உழவில்லை.

எஞ்சின் மலிவானதுதான் இந்த இயந்திரங்கள் பரவக் காரணம், இணைப்பு அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். பரவலுக்கு அது சரியான காரணம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற கம்பெனிகளின் சிறு எஞ்சின்கள் இல்லாமல் 1940களின் பிற்பகுதியில் அத்தனை தோட்டங்களுக்குள் கை டிராக்டர் நுழைந்திருக்காது. ஆனால் அதே எஞ்சின்களைப் போட்டியிட்ட பல கம்பெனிகளும் வாங்கின. ஒரே எஞ்சினைப் பொருத்திய இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று வேறான திறமை காட்டின என்றால், காரணத்தை எஞ்சினுக்கு வெளியேதான் தேடவேண்டும். இல்லினாய் மாநிலத்தின் பிராட்லி ஊரில் தயாராகி, சியர்ஸ் கம்பெனியின் பட்டியல் புத்தகம் வழியாக விற்ற டேவிட் பிராட்லி டிராக்டர் இதற்கு நல்ல சாட்சி. கலப்பை, பலுகு, கொத்துப் பற்கள், பனித் தள்ளி, கத்திப்பட்டை, சிறு வண்டி, உட்கார்ந்து ஓட்டும் இருக்கை என்று அதற்கு நீண்ட கருவி வரிசை உண்டு. உறுதியானது, விலை குறைந்தது, ஏராளமான சிறு நிலங்களை உழுதது. ஆனாலும் அதன் முதன்மை இணைப்பு பின்புறத்துப் பின்தான். விசை வேண்டிய கருவிக்குத் தனியே பெல்ட் போட்டாக வேண்டியிருந்தது. நல்ல மண்ணில் அது சிறந்த டிராக்டர்; கெட்ட மண்ணில் எடை போதாத டிராக்டர்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நீண்ட கருவி வரிசை என்பது விற்பனைத் தந்திரம். வாங்கியவர்களில் பலர் கலப்பையும் களைவெட்டியும் தவிர வேறெதையும் மாட்டியதில்லை. கனத்த கருவியைத் தூக்கி நான்கு போல்ட்டை முடுக்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்பது அது. கருவி மாற்றும் சிரமம் உண்மையானது. பிற்காலத்தில் ஒரு நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் விரைவு இணைப்புகள் வந்ததே அந்தக் குறையை ஒப்புக்கொண்டதுபோலத்தான். ஆனால் இந்தக் கருவிகள் மணிக்கு ஒருமுறை மாறுபவை அல்ல, பருவத்துக்கு ஒருமுறை மாறுபவை. வசந்தத்தில் சுழற்கலப்பை, கோடையில் புல்வெட்டி, குளிர்காலத்தில் பனி வீசி என்று மூன்று பருவத்துக்கு மூன்று முறை போல்ட் முடுக்குவது ஒரு விவசாயிக்குப் பாரமில்லை. ஓர் ஆண்டில் எட்டு மாதம் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் எல்லா மாதமும் ஓடும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நான்கு போல்ட்டுகள் உண்டாக்கின. மேலும் முகத்தின் அமைப்பைக் கம்பெனி அடிக்கடி மாற்றவில்லை. பழைய மாடலுக்கு வாங்கிய பல கருவிகள் பல ஆண்டு கழித்து வந்த டிராக்டரிலும் பொருந்தின. எனக்கு இதுதான் அந்த வடிவமைப்பின் மிகப் பெரிய நேர்மையாகத் தெரிகிறது.

எளிய பின்னுக்காகவும் பேசவேண்டும், ஏனென்றால் அது ஏழையின் இணைப்பு. எந்தக் கொல்லனும் அதைச் செய்வான். எந்தக் கருவியும் அதில் தொங்கும். இலங்கை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியாளர் 1950களில் வடிவமைத்து, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தயாரான லாண்ட்மாஸ்டர் இரு சக்கர டிராக்டரின் பெயர் இலங்கையில் அந்த வகை முழுவதற்குமே பெயராகிவிட்டது. வயலில் சேற்றைக் கலக்கும் அந்த இயந்திரம், பின்னால் ஒரு பெட்டியை மாட்டியதும் நெல் மூட்டையும் ஆட்களும் ஏற்றிச் செல்லும் வாகனமாகிறது. அந்த மாற்றத்தைச் செய்தது சாதாரண இழுவை இணைப்பு. தமிழ்நாட்டில் ஓடும் பவர் டில்லரும் இப்படித்தான்: வயலுக்குப் பின்புறச் சுழற்கலப்பை, சாலைக்கு டிரெய்லர். விஜேவர்தன பிற்காலத்தில் டிராக்டரால் சிறு விவசாயிக்கு உண்மையில் என்ன நன்மை என்றே கேள்வி எழுப்பி, உழாத விவசாயத்தின் பக்கம் போனார் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே இழுவை தாழ்ந்தது, சுழற்சி உயர்ந்தது என்பதல்ல முடிவு. மண்ணுக்குச் சுழற்சியும் சாலைக்கு இழுவையும் வேண்டும். இரண்டுக்கும் இடம் வைத்த இயந்திரமே நிலைத்தது.

இந்தத் தொழில் உண்மையில் தவறியது வேறிடத்தில். நான்கு சக்கர டிராக்டருக்கு ஹாரி பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு 1939இல் போர்டு டிராக்டரோடு பரவி, காலப்போக்கில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது. அந்த டிராக்டர்களின் விசைத் தண்டின் வேகத்துக்கும் அளவுக்கும் பொறியாளர் சங்கத்தின் தரம் 1920களிலேயே வந்துவிட்டது. கை டிராக்டருக்கு அப்படி ஒரு பொது இணைப்பு அமையவே இல்லை. கிரேவ்லியின் முகம் கிரேவ்லிக்கு, இத்தாலியின் பி.சி.எஸ். முகம் பி.சி.எஸ்ஸுக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தீவாக நின்றது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமலிருக்க அது உதவியிருக்கலாம். ஆனால் கம்பெனி மூடியதும் நன்றாக ஓடும் டிராக்டர்கூடக் கருவியில்லாத அனாதையாகிவிட்டது. பல பெயர்கள் மறைந்ததற்கு எஞ்சின் பழுதைவிட இது பெரிய காரணம் என்பது என் தீர்ப்பு.

ஆகவே இத்தகைய பழைய இயந்திரம் உங்கள் ஊர்க் கொட்டகை எதிலாவது கிடந்தால், எஞ்சினைக் கழுவிப் பெயின்ட் அடிப்பதற்கு முன் இணைப்பு முகத்தைச் சுரண்டிப் பாருங்கள். துளைகளின் இடைவெளி, தண்டின் விட்டம், பற்களின் எண்ணிக்கை, அது சுழலும் திசை ஆகியவற்றை அளந்து எழுதி வையுங்கள். பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் கருவிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். எஞ்சினுக்கு மாற்று இன்றும் கடையில் கிடைக்கும். அந்த முகத்தில் பொருந்தும் கருவிக்குக் கிடைக்காது.