மணிச்சத்து குறைந்த மண்ணுக்கான பீன்ஸ் இனவிருத்தி

ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஏழை உழவரின் புரத உணவான பீன்ஸ் (ராஜ்மா) பயிரை, உரமில்லா நிலத்திலும் விளையும்படி மேம்படுத்தும் முயற்சி. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. எஞ்சுவதும் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்குகிறது. எனவே தேர்வு வேரிலிருந்து தொடங்குகிறது. முளைத்த சில நாட்களிலேயே தண்டடியில் வளையம் வளையமாகப் பக்கவேர்கள் கிளம்பும். வளையத்துக்கு ஏறக்குறைய 4 வேர்கள். ரகத்துக்கேற்ப வளையங்கள் 1 முதல் 4 வரை இருக்கும். வெறும் கண்ணால் எண்ணிவிடலாம் என்பதால், வசதி குறைந்த ஆய்வு நிலையங்களுக்கு இது பெரும் வரம். ஆழமின்றிப் படரும் வேரும் நீண்ட வேர்த்தூவியும் மற்ற இரு முக்கியக் குணங்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லிஞ்ச் குழு மொசாம்பிக்கில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விரண்டும் சேர்ந்த செடிகளின் கூடுதல் வளர்ச்சி, தனித்தனிப் பலன்களின் கூட்டுத்தொகையைப் போல இரு மடங்காக இருந்தது. மேலோட்டமான வேர் மட்டும் போதாது. வறட்சியில் செடி வாடிவிடும். வளையங்கள் மிகுந்த ரகங்களில் மேல்வளைய வேர்கள் மேல்மண்ணில் படர, கீழ்வளைய வேர்கள் ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்குகின்றன.