மிளகாய்ப் பொடி உருண்டை உயிரை எடுக்குமா?

கலவரக் கூட்டத்தைக் கலைக்க போலீஸ் சுடும் "மிளகாய்ப் பொடி குண்டு" பற்றி கொஞ்சம் பேசுவோம். சின்ன வரலாறு, பின்னாடி கொஞ்சம் மருத்துவம்.

1/ மிளகாயில் இருக்கும் கேப்சைசின் தோலையும் கண்ணையும் உண்மையில் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு ஏற்பி இருக்கு. அதைத் தூண்டிவிட்டு "எரியுது" என்று மூளையை நம்ப வைக்குது, அவ்வளவுதான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2/ ஸ்ப்ரே அடிக்கணும்னா போலீஸ் பக்கத்தில் போகணும். தூரத்தில் இருந்தே அடிக்க வழி தேடினார்கள். விடை விளையாட்டு மைதானத்தில் கிடைத்தது. பெயின்ட்பால் துப்பாக்கி! மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளச் சாயம் அடிக்க உருவான கருவி அது. 1981இல் அமெரிக்காவில் விளையாட்டானது. பிறகு சாயம் இருந்த இடத்தில் மிளகாய்க் காரம் வந்தது.

3/ பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் எஃப்என்303 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அழுத்தக் காற்றில் இயங்கும். உருண்டையின் எடை சுமார் 8.5 கிராம். தூரம் போகவும் குறி தவறாமல் இருக்கவும் அதன் முன்பக்கத்தில் பிஸ்மத் என்ற உலோகம். கவனிச்சீங்களா? காரம் மட்டும் இல்ல, எடையும் சேர்ந்துடுச்சு.

4/ 2004 ஜூலையில் பாஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அந்தப் பாதுகாப்புக்காக நகர போலீஸ் இதை வாங்கியது. மாநாடு அமைதியாக முடிந்தது. துப்பாக்கிகள் போலீசிடமே இருந்தன.

5/ அக்டோபர் 20 இரவு. பேஸ்பாலில் ரெட் சாக்ஸ் அணி பரம எதிரி யாங்கீஸை வீழ்த்தியது. ஆட்டம் நடந்தது நியூயார்க்கில். கொண்டாட்டமோ பாஸ்டனின் ஃபென்வே பார்க் வாசலில். பெருங்கூட்டம். சிலர் அத்துமீற, போலீஸ் சுட்டது.

6/ ஓர் உருண்டை 21 வயது கல்லூரி மாணவியின் கண்ணில் பட்டது. அவர் எந்தக் கலாட்டாவிலும் ஈடுபடவில்லை. சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இறந்துபோனார். அதே இரவில் இன்னும் இரண்டு பேருக்கு முகத்தில் காயம்.

7/ ஏன் இறந்தார்? நம் கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியின் மேல்கூரை மிக மெல்லியது. அதுக்கு அந்தப் பக்கம் மூளை. கை, தொடையில் பட்டால் கன்றிப்போய் ஆறிவிடும் அதே அடி, கண் வழியாகப் போனால் மூளைக்குள் போய்விடும். அவரைக் கொன்றது மிளகாய் இல்லை, வேகம்.

8/ காவல் ஆணையர் பொறுப்பேற்றார். விசாரணைக் குழு 2005இல் அறிக்கை தந்தது. முறையான பயிற்சி இல்லாதவர்கள் கையிலும் ஆயுதம் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. குடும்பத்துக்கு நகரம் 51 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. மகளை யார் கொடுப்பது?

9/ முன்பு இவற்றை "உயிர் பறிக்காத ஆயுதம்" என்றார்கள். இப்போது "உயிரிழப்பு குறைவான ஆயுதம்" என்கிறார்கள். இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லைங்க. ஆபத்தே இல்லை என்று நினைக்கும் கைதான் யோசிக்காமல் விசையை அழுத்தும். முகம், கழுத்து, முதுகுத்தண்டைக் குறிவைக்கக் கூடாது என்ற விதி அதனால்தான்.

10/ கடைசியா நமக்கு. காரம் கண்ணில் பட்டால் தேய்க்காதீங்க. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துட்டு, நிறைய சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. ஆனால் உருண்டையே கண்ணில் அடித்திருந்தால் கதை வேறு. அழுத்தாதீங்க, எதையும் பிடுங்காதீங்க. காகிதக் கப் ஒன்றை கண்ணில் படாமல் மேலே மூடி, உடனே மருத்துவமனைக்குப் போங்க. பார்வை தெரியுதே என்று வீட்டில் இருந்துவிடாதீங்க.

ஊரே ஜெயித்த ராத்திரியில் வேடிக்கை பார்க்கப் போன பிள்ளை அது. "சும்மா மிளகாய்ப் பொடிதானே" என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்க.