பலகை இறங்கிய ஹோட்டல்கள்

சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்து 2008இல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைப் பற்றி ஆண்டுக்கொரு கட்டுரையாவது யாராவது எழுதிவிடுகிறார்கள். மரத்தடியில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டை மாட்டி, தோசையும் காப்பியும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும், தப்பில்லை. ஆனால் கார் வைத்திருந்தவர்களின் ஏக்கம் அது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர் என்று நீளும் கரிசல்காட்டில் மூடிப்போன ஹோட்டல்களுக்கு வேறொரு கதை உண்டு.

அந்த மண்ணில் அன்றாடச் சாப்பாடு கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லுச்சோறு நல்ல நாளைக்கு. இட்லியும் தோசையும் தீபாவளிப் பலகாரம். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் எழுத்தில் வெஞ்சனத்துக்கும் கஞ்சிக்கும் கிடைத்த இடம் ஹோட்டல் பலகாரத்துக்குக் கிடைக்கவில்லை. பருத்திப் பொதி ஏற்றித் தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ வண்டி கட்டியவர்கள் கட்டுச்சோற்றோடுதான் கிளம்பினார்கள். வழியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மர நிழலில் மூட்டையைப் பிரித்தால் புளிச்சோறு, தொட்டுக்கொள்ளத் துவையல், முடிந்தது. சோற்றை விலைக்கு வாங்குவது கௌரவக் குறைச்சல், விற்பது அதைவிடக் கேவலம் என்று நினைத்த காலம். வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. ராணி மங்கம்மாள் பெயர் சொல்லும் சாலைகளும் சத்திரங்களும் தென்பாண்டி நாட்டில் இன்றும் உண்டு. ஆனால் சத்திரத்திலும் யாருக்கு எந்தப் பந்தி என்ற கணக்கு இருந்தது.

சோறு விலைக்கு வந்ததற்கு ரயிலும் ஒரு காரணம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்டவாளம் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் கோவில்பட்டி வழியாகத்தான் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறினார்கள். நாள்கணக்கில் போகிற பயணத்துக்குக் கட்டுச்சோறு எத்தனை வேளை தாங்கும்? தென்னிந்திய ரயில்வேயின் பெரிய நிலையங்களில் சிற்றுண்டிச்சாலைகள் வந்தன. வெள்ளைக்கார முறைச் சாப்பாட்டை ஸ்பென்சர் கம்பெனி நடத்தியது. இந்தியர்களுக்கான இடத்திலோ பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. டிக்கெட்டுக்கு எல்லோரும் ஒரே காசு கொடுத்தார்கள், சாப்பிட உட்கார்ந்தபோது பிரிந்தார்கள்.

ஊருக்குள்ளும் அதே கதைதான். 'காப்பி கிளப்' என்ற பெயரில் கிளம்பிய கடைகள் விலாஸ், பவன், கபே என்று வளர்ந்தன. பல கடைகளின் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. சைவச் சாப்பாடு, சுத்தம் என்பதற்கான அடையாளம்தான் அது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சில இடங்களில் உள்கூடத்தில் பிராமணருக்குத் தனி இலை. தாழ்த்தப்பட்டவர் என்றால் வாசல்படியே ஏற முடியாது. அந்தக் காப்பியின் மணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வாசல்படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

இந்தப் பாகுபாட்டுக்கு எதிரான சண்டையும் இதே சீமையில் கிளம்பியது. பழைய திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் 1924-25இல் காங்கிரசையே உலுக்கியது. பெரியார் 1925இல் கட்சியைவிட்டு வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். ரயில்நிலையப் பாகுபாட்டைத் தென்னிந்திய ரயில்வே 1941இல் கைவிட்டது. 1950இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உணவகத்துக்குள் நுழையச் சாதி தடையில்லை என்றது. பலகை மட்டும் பிடிவாதமாகத் தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தார் மறியலில் இறங்கினார்கள். மாதக்கணக்கில் நாள்தோறும் ஆட்கள் கைதானார்கள். 1958இல்தான் அந்தப் பலகையில் 'பிராமணாள்' அழிந்தது. சாம்பார் என்னவோ அதே சாம்பார்தான்.

டீக்கடை இவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்தும், தென்மாவட்டக் கிராமங்களில் தாழ்த்தப்பட்டவருக்கென்று தனி கிளாஸ் ஆணியில் தொங்கியது. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். வழக்கும் போராட்டமும் நெருக்கிய பிறகு சில கடைகளில் கிளாஸ் போய், தூக்கி எறியும் கப் வந்தது. யாருக்குக் கப், யாருக்குக் கிளாஸ் என்பது கடைக்காரரின் கைப்பழக்கத்தில் தங்கிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பைத் தமிழக அரசு தடை செய்தது. காரணம் சாதியல்ல, குப்பை.