ஒப்பாரிக் கோச்சி எங்கே நின்றது?

பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் வயசானவர்களிடம் சொந்த ஊர் கேட்டால் அட்டன், பதுளை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா என்று பதில் வரும். அரசாங்கக் காகிதத்தில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். கடைத்தெருவில் 'சிலோன்காரங்க'. இலங்கையிலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, பிள்ளை பெற்று, நாற்பது வயதில் முதன்முறையாகத் தமிழ்நாட்டைப் பார்த்தவர் எப்படித் 'திரும்பி' வந்தவர் ஆவார்? இந்த ஒரு சொல்லை முன்வைத்துத்தான் அவர்களுடைய பயணத்தின் கடைசி நாட்களை நான் தேட ஆரம்பித்தேன்.

கதை 1948இல் தொடங்குகிறது. சுதந்திர இலங்கையின் முதல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பான்மையோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேர் விஷயம் 1974 வரை தள்ளிப்போய், பிறகு ஆளுக்குப் பாதி என்று பிரிக்கப்பட்டது. பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பது மாதிரி. பேசப்பட்டவர்களில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை.

பெயர் வந்த குடும்பம் தோட்டத்தைவிட்டுக் கிளம்பும். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பேர். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் சேர்ந்து அழுததால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. செத்த வீட்டுப் பாட்டின் பெயரை ஒரு ரயிலுக்கு வைத்த சனம் வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்த வீடுகள் உண்டு. எங்கள் அம்மாயி சொல்லும்: "கோச்சி நகர்றப்போ யாரு அழுவுறா, யாரு பேரு சொல்லிக் கூப்புடுறான்னே வெளங்கல. அம்புட்டுச் சத்தம். மதவாச்சி தாண்டுனப்பொறம் ஒருத்தரும் பேசல."

மதவாச்சியில் பாதை பிரிந்து தலைமன்னார் போகும். மலையும் குளிரும் மட்டுமே பார்த்தவர்களில் பலர் அங்கேதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். எதிரே தனுஷ்கோடி கிடையாது. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் புயலில் அது அழிந்துவிட்டது. அதனால் கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. 'இராமானுஜம்' என்ற அந்தக் கப்பலின் பெயரைப் பலர் இன்றும் சரியாகச் சொல்வார்கள்.

அடுத்த நிறுத்தம் மண்டபம் முகாம். இங்கேதான் வரலாறு கொஞ்சம் குரூரமாக விளையாடுகிறது. பிரிட்டிஷ் காலத்தில் இந்த இடம், தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்து நோய் பரிசோதிக்க இலங்கை அரசு நடத்திய முகாம். தாத்தன் போன வழியிலேயே பேரன் வந்து இறங்கினான். 1983க்குப் பிறகு அதே இடம் போருக்குத் தப்பி வந்த ஈழ அகதிகளின் முகாம் ஆனது. ஒரே மணல், மூன்று வரிசைகள்.

மண்டபத்தில் தங்கிய அந்தச் சில நாட்கள்தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் மிக முக்கியமான நாட்கள். குடும்ப அட்டை பதிவதும், யார் எங்கே போவது என்பதும் அங்கேதான். சிலருக்கு ரப்பர் தோட்டம், சிலருக்கு நூற்பாலை. ரொம்பப் பேருக்குச் சிறுதொழில் கடன். வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடியைத் தவிர வேறெதையும் தொடாதவர் சமவெளியில் பெட்டிக்கடை வைத்து என்ன செய்வார்? கடன் பணம் கரைந்ததும் பலர் மறுபடி மலை தேடிப் போனார்கள். கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

நீலகிரி கிடைத்தவர்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் வனத்துறையின் கீழ் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னால் அதுதான் 'டான்டீ' ஆனது. கூடலூர், பந்தலூர் காடுகளை வெட்டிச் செடி நட்டது இவர்கள் கைதான். குளிர் பழகியது, வேலை பழகியது. அங்கே லயம் என்றது இங்கே பாடி என்றானது, அவ்வளவுதான். யானை மட்டும் புதுசு.

ஆனால் வீடு? தோட்ட வீடு வேலைக்குக் கொடுப்பது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்றால், கூடலூர் ஜென்ம நிலங்களுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழக்குகளில் சிக்கி, பட்டா என்பது அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு எட்டாக்கனி. இதற்கிடையில் நட்டத்தைக் காரணம் காட்டி, 2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காட்டுக்குக் காடு வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் காட்டை வெட்டச் சொல்லிக் கூட்டிவந்தவர்களின் கூரைக்கும் அதே அரசுதான் பொறுப்பு.

1984இல் கப்பல் நின்றது. அதற்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டியிருந்தார்கள். வந்தவர்களை எண்ணியதோடு அரசாங்கத்தின் கணக்கு முடிந்துவிட்டது. இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் பந்தலூரிலிருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். இந்தத் தடவை ஒப்பந்தம் இல்லை, கப்பல் இல்லை, யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. ஐந்து தலைமுறையாகத் தேயிலை வளர்த்த ஒரு சனத்துக்குத் தன் பெயரில் ஒரு சென்ட் மலை நிலம் இன்னும் வரவில்லை என்பதை மட்டும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.