வரன் தேடலும் 'லேண்டிங் பேஜ்' ரகசியமும்

விளம்பரத்தைச் சொடுக்கியதும் வந்து இறங்கும் பக்கத்துக்கு 'லேண்டிங் பேஜ்' என்று பெயர். வந்தவரிடம் அது ஒரே ஒரு வேலையைத்தான் கேட்க வேண்டும் என்பார்கள். இதைத் தொழிலாகவே ஆக்கிக் காட்டியவர் ஒரு தமிழர்.

அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளராக இருந்த முருகவேல் ஜானகிராமன், 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தாலும் கூட்டம் மொய்த்தது வரன் தேடும் பகுதியில்தான்! 2000-ல் அதைத் தனியே பிரித்து பாரத் மேட்ரிமோனி ஆக்கினார். பிறகு தமிழ் மேட்ரிமோனி, தெலுங்கு மேட்ரிமோனி என்று மொழிவாரியாகவும் பிரிந்தது. எலவனாசூர்கோட்டையில் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவருக்குப் பஞ்சாபி வரன்கள் எதற்கு?

பதிவு செய்வது இலவசம். பிடித்த வரனைத் தொடர்பு கொள்ளத்தான் காசு. அதாவது முதலில் பெயரை வாங்கு, பணத்தைப் பிறகு வாங்கு. கூப்பனை வெட்டி அனுப்பச் சொல்லி, எந்த விளம்பரம் பலித்தது என்று எண்ணிப் பார்க்கும்படி அமெரிக்காவின் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-லேயே எழுதியிருக்கிறார். இணையத்தில் கூப்பனுக்குப் பதில் படிவம், அவ்வளவுதான்.

நிறுவனம் 2017-ல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது. வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பிரிப்பது மொழியோடு நிற்கவில்லை. கம்யூனிட்டி மேட்ரிமோனி என்ற பெயரில் சாதிக்கு ஒரு தளமும் வந்தது. பத்திரிகையின் 'மணமகள் தேவை' பகுதியில் வெறும் தலைப்பாக இருந்த சாதிக்கு, இங்கே தனி முகவரியே கிடைத்துவிட்டது.