கூடைப்பந்து தேடிப்போன தரை

2019ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கூடைப்பந்து இரண்டு அடிகளை வாங்கியது. ஜனவரியில் பாரிஸின் ட்ரெவீஸ் தெருவில் எரிவாயு கசிந்து வெடித்தது. உயிர்கள் போயின, சுற்றியிருந்த கட்டடங்கள் சிதைந்தன. அவற்றில் ஒன்றின் கீழ்த்தளத்தில்தான் உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கூடைப்பந்துக் களம் இருக்கிறது. ஜூனில் பிரெஞ்சு ஆட்டக்காரர் டோனி பார்க்கர் ஓய்வை அறிவித்தார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக 17 சீசன், நான்கு என்பிஏ பட்டம், 2007 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஐரோப்பாவில் பிறந்தவர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. பார்க்கரின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய வேகம் தெரியும். அந்த வேகத்தைத் தாங்கிய தரைக்கும் ஒரு கதை உண்டு. அதன் கிளை ஒன்று சென்னை வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை வருகிறது.

1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட். குளிரில் வெளியே ஆட முடியாத ஒய்எம்சிஏ மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் புதிய ஆட்டம் ஒன்றை யோசித்தார். இரண்டு பெட்டிகள் கேட்டார். காவலாளியிடம் இருந்ததோ பீச் பழக்கூடைகள். அவற்றை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது, இன்றுவரை உலகெங்கும் வளையம் பத்தடியில்தான் நிற்கிறது. கெட்டியான தரையில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினால் எலும்பு முறியும் என்று பந்தோடு ஓடுவதை நைஸ்மித் தடைசெய்தார். ஆடியவர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: பந்தைத் தரையில் தட்டிவிட்டு மறுபடி பிடித்தார்கள். டிரிபிளிங் பிறந்தது அப்படித்தான். ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர்களும் செய்ய, பிறகு விதிப்புத்தகமும் அதை ஏற்றுக்கொண்டது. தரை கெட்டியாக இல்லாதிருந்தால் அந்தத் தடையும் வந்திருக்காது, பந்தும் எழும்பியிருக்காது.

இரண்டே ஆண்டில், 1893 டிசம்பர் 27 அன்று, ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த மெல்வின் ரைட்அவுட் பாரிஸின் அதே ட்ரெவீஸ் தெருவில் ஐரோப்பாவின் முதல் ஆட்டத்தை நடத்தினார். மீன்முள் வரிசையில் பதித்த மரத்தரை. மேலே சுற்றிவர ஓடுபாதை. ஆடும் இடத்துக்குள்ளேயே இரும்புத் தூண்கள். எதிராளியை ஏமாற்றுவதோடு தூணில் மோதாமலும் திரும்ப வேண்டும்.

அதே சமயம் இன்னொருவர் கிழக்கே கப்பலேறினார். நைஸ்மித்தின் முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குத் தலைவராக இருந்த கனடாக்காரர் டங்கன் பேட்டன்தான் 1894இல் இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு வேர் பிடிக்க வைத்தவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற இவர் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு அதே பாரிஸுக்குப் போய்வந்தார். பின்னாளில் நந்தனத்துக்கு இடம் மாறிய அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் தென்னிந்தியப் பள்ளிகளெங்கும் பி.டி. மாஸ்டர்களாகப் போனார்கள். விசிலும் கையுமாக நிற்கும் பி.டி. சார் என்ற ஆளே பெரும்பாலும் பக் நமக்குத் தந்த கொடை என்பேன்.

தரை சரியில்லாவிட்டால் இந்த ஆட்டம் என்ன ஆகும் என்பதை 1936 பெர்லின் காட்டியது. ஒலிம்பிக்கில் கூடைப்பந்து பதக்கப் போட்டியானதே அங்குதான். மண் டென்னிஸ் மைதானத்தில் நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தன்று கொட்டிய மழையில் களம் சேறானது. பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8.

பார்க்கருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவருடைய அப்பா சிகாகோவில் கல்லூரி ஆட்டம் ஆடிவிட்டு, ஐரோப்பிய கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடப் போனவர். அதனால்தான் மகன் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் பிறந்தார். ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் முதல் சோதனையில் பத்தே நிமிடத்தில் பையனை வேண்டாம் என்றார். மறுபடி அழைத்துப் பார்த்துவிட்டு 2001இல் 28ஆவது தேர்வாக எடுத்தார். ஓய்வுக்கு முன்பே பார்க்கர் பிரான்சின் அஸ்வெல் கிளப்புக்குத் தலைவராகியிருந்தார்.

நம் ஊரில் கிளப்பின் இடத்தில் ரயில்வேயும் வங்கியும் இருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, மாதச் சம்பளம், மாலையில் பயிற்சி. தெற்கு ரயில்வேயில் பணியாற்றிய கேரளத்தின் கீது அன்னா ஜோஸ், 2011இல் அமெரிக்காவின் மூன்று மகளிர் அணிகளின் தேர்வுக்குப் போனார். அவற்றில் ஒன்று பார்க்கரின் சான் அன்டோனியோ. இடம் கிடைக்கவில்லை. அதே ரயில்வேயின் சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார், 2021இல் பத்மஸ்ரீ. இவர்கள் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இனி ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம். இங்கே ஊர்ப்பக்கம் சாயங்காலமானால் இரண்டு கம்பம் நட்டு வாலிபால். அதுவும் ஒய்எம்சிஏ பிள்ளைதான்: ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மார்கன், கூடைப்பந்து நடுவயதுக்காரர்களுக்குக் கடினம் என்று 1895இல் பக்கத்து ஹோலியோக்கில் உருவாக்கியது. பந்து தரையைத் தொட்டால் புள்ளி போய்விடும் என்பதால் புழுதி மண்ணே அதற்குப் போதும். தம்பி கிராமத்துக்குள் வந்துவிட்டான். சிமெண்டுத் தரை கேட்ட அண்ணன் நகரத்துக் கல்லூரிகளிலேயே தங்கிவிட்டான்.

ஆனால் இந்த மண் மாறிவிட்டது. 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை என்று பிரெஞ்சு நிறுவனங்களே வந்து கான்கிரீட் போட்டிருக்கின்றன. லாரிகள் நிற்கும் முற்றங்களைப் பார்த்தால் களங்களாகவே தெரிகின்றன. முழுக்களத்துக்கு 28க்கு 15 மீட்டர் வேண்டும். டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் வந்த மூவர் ஆட்டத்துக்கு 15க்கு 11 மீட்டர், ஒரே ஒரு வளையம் போதும். 2024 பாரிஸில் பிரெஞ்சு ஆண்கள் அதிலும் வெள்ளி வாங்கினார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக, சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைக்கு ஒரு கம்பமாவது நட வேண்டும்.